கியர் ஆயில் டப்பாவின் பின்பக்கம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் பழைய கார் வைத்திருப்பவர்களுக்காக அண்மையில் வெளியான யோசனைகளைப் படித்தேன். டயர் காற்று, பேட்டரி முனைகளில் பூக்கும் உப்பு, ரேடியேட்டர் தண்ணீர் ஆகியவை பற்றிச் சொல்லப்பட்டவற்றில் குறை காண எனக்கு ஏதுமில்லை. ஆனால் கியர் மாற்றும்போது கரகரப்புக் கேட்டால், கியர் பெட்டியில் இருக்கும் ஜிஎல்-4 வகை ஆயிலை வடித்துவிட்டு அதைவிட உயர்ந்த தரமான ஜிஎல்-5 ஆயிலை ஊற்றிவிடலாம் என்று அதில் ஒரு வரி வந்திருக்கிறது. அந்த ஒரு வரியை நம்பிச் செயல்படும் வாசகர், சில நூறு ரூபாய் ஆயிலால் பல ஆயிரம் ரூபாய் வேலையை விலைக்கு வாங்கிக்கொள்வார் என்பதால் இந்தக் கடிதத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றில் மோட்டார் மெக்கானிக் பிரிவு மாணவர்களுக்கு 28 ஆண்டுகள் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவன் நான். இருந்தும் இதே தவறு என் சொந்தக் காரிலேயே நடந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

குழப்பம் எங்கே தொடங்குகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். என்ஜின் ஆயிலுக்கு அமெரிக்கப் பெட்ரோலியக் கழகமான ஏபிஐ வழங்கும் தரக்குறியீடுகள் எஸ்எஃப், எஸ்ஜி, எஸ்ஜே, எஸ்எல், எஸ்எம், எஸ்என், எஸ்பி என்று எழுத்து வரிசையில் ஏறிக்கொண்டே போகின்றன. பிந்தைய எழுத்துள்ள ஆயில், முந்தைய எழுத்து கேட்கும் பெட்ரோல் என்ஜினுக்கும் பொதுவாகப் பொருந்தும் என்பதே அதன் ஏற்பாடு. இந்தப் பழக்கத்தில் ஊறிய நம் கண்ணுக்கு, அதே கழகம் கியர் ஆயிலுக்குத் தரும் ஜிஎல்-4, ஜிஎல்-5 என்ற எண்களும் படிக்கட்டு போலவே தெரிகின்றன. நான்காம் வகுப்பை முடித்தவன் ஐந்தாம் வகுப்புக்குப் போவது போல, நான்கு பழையது, ஐந்து புதியது என்று எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் அந்த எண்கள் எந்த வகைப் பல்சக்கரத்துக்கு, எவ்வளவு சுமைக்கு என்ற வேலைப் பிரிவைக் குறிப்பவை. தச்சரின் உளியும் கொத்தனாரின் உளியும் உளிகள்தாம். ஒன்று மற்றதன் மேம்பட்ட வடிவம் என்று யாரும் சொல்வதில்லை.

ஜிஎல்-5 எதற்காக உருவானது என்றால், ஹைப்பாய்டு எனப்படும் பல்லமைப்புக்காக. பின்சக்கரம் உந்தும் கார்களில், நம் மெக்கானிக்குகள் கிரவுன் என்று அழைக்கும் பின்அச்சுப் பெட்டிக்குள் பெரிய கிரவுன் வீலும் சிறிய பினியனும் இருக்கும். இவற்றின் அச்சுக்கோடுகள் ஒன்றையொன்று நேராகச் சந்திக்காமல், பினியன் சற்றுக் கீழே தள்ளி அமைந்திருக்கும். இதனால் கியர் பாக்ஸிலிருந்து பின்அச்சுக்கு விசையைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டையும் அதன்மேல் வரும் தளத்தையும் தாழ்த்தி அமைக்க முடிகிறது. ஆனால் பற்கள் ஒன்றின்மேல் ஒன்று உருள்வதோடு நில்லாமல் நீளவாக்கில் வழுக்கித் தேய்க்கவும் செய்கின்றன. அந்த அழுத்தத்தில் சாதாரண எண்ணெய்ப் படலம் பிழிந்து வெளியேற்றப்பட்டுவிடும். இரும்பும் இரும்பும் நேராக உரசி ஒட்டிக்கொள்ளும். அதைத் தடுக்கவே கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த மிகையழுத்தச் சேர்மங்களை ஆயிலில் சேர்க்கிறார்கள். டப்பாவில் ஈபி என்று அச்சிடப்படுவது இவற்றைத்தான். பல்முனை சூடேறும் கணத்தில் இந்தச் சேர்மங்கள் இரும்போடு வினைபுரிந்து, மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்குகின்றன. தேய்வது அந்தப் படலம், இரும்பு பிழைத்துக்கொள்கிறது. ஜிஎல்-5 ஆயிலில் இந்தச் சேர்மங்களின் அளவு ஜிஎல்-4 ஆயிலில் இருப்பதைப் போல ஏறத்தாழ இருமடங்கு. புதிய டப்பாவைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கும் அழுகிய முட்டை போன்ற நாற்றத்துக்குக் காரணமும் அந்தக் கந்தகம்தான்.

கிரவுனுக்கு உயிர் காப்பதாக இருக்கும் இந்தக் குணம், கியர் பாக்ஸுக்குள் போனதும் வேறுவிதமாக வேலை செய்கிறது. ஏனெனில் கியர் பாக்ஸில் இரும்பு மட்டும் இல்லை. நாம் கிளட்சை மிதித்துக் கியரை மாற்றும்போது, வெவ்வேறு வேகத்தில் சுழலும் இரண்டு பாகங்களை ஒரே வேகத்துக்குக் கொண்டுவருவது சிங்க்ரோ ரிங் என்னும் வளையம். பழைய கார்களில் பெரும்பாலும் அது பித்தளையாலோ வெண்கலத்தாலோ ஆனது. வளையத்தின் உட்புறம் கூம்பு வடிவில் இருக்கும்; கியரின் பக்கவாட்டிலும் அதற்குப் பொருந்தும் எஃகுக் கூம்பு இருக்கும். கியர் லீவரைத் தள்ளும்போது வளையம் அந்தக் கூம்பின்மேல் அழுந்தி உரசிப் பிடிக்க, வேகம் சமமானதும் பற்கள் ஓசையின்றிக் கோத்துக்கொள்ளும். வளையத்தின் உட்புறத்தில் மயிரிழை போன்ற மரைகள் வெட்டப்பட்டிருப்பதும், இடையில் உள்ள எண்ணெயைக் கிழித்து வெளியேற்றி உலோகத்தோடு உலோகம் பிடிக்கட்டும் என்பதற்காகவே. மாணவர்களுக்கு இதை நடத்தும்போது, கியர் பாக்ஸில் எல்லாமே வழுக்க வேண்டும், இந்த ஒரு வளையம் மட்டும் பிடிக்க வேண்டும் என்று சொல்வேன்.

இந்த இடத்தில் தேவைக்கு மிஞ்சிய மிகையழுத்தச் சேர்மமும் வழுக்கலைக் கூட்டும் பிற சேர்க்கைகளும் இரண்டு தொல்லைகளைத் தருகின்றன. முதலாவது, வளையம் பிடிக்க வேண்டிய நேரத்தில் வழுக்கிக்கொண்டே போகிறது. வேகம் சமமாவதற்குள் பற்கள் மோதுவதால் கர்ரென்று சத்தம் எழுகிறது. தங்கள் இணைப்பு எந்தக் கரகரப்புக்கு மருந்து சொன்னதோ, அதே கரகரப்பை அந்த மருந்தே வரவழைக்கும் என்பதுதான் இதில் வேதனையான வேடிக்கை. இரண்டாவது, செம்பு கலந்த உலோகத்தைக் கந்தகம் சும்மா விடுவதில்லை. ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் புளி சேர்ந்த குழம்பை வைத்தால் என்ன ஆகும் என்பது நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். அங்கே புளிப்பு களிம்பை ஏற்றுகிறது. இங்கே கந்தகம், கொதிக்கும் ஆயிலுக்குள், செம்போடு சேர்ந்து கறுப்பை ஏற்றுகிறது. அந்தக் கறுத்த மேற்பரப்பு ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் உரசி உதிர, வளையம் நாளுக்கு நாள் மெலிகிறது. இன்றைய ஜிஎல்-5 ஆயில்கள் சிலவற்றில் கந்தகத்தை அடக்கிவைக்கும் சேர்க்கைகள் உள்ளன, செம்புத் தகட்டுச் சோதனையில் அவை தேறுகின்றன என்று கடைக்காரர்கள் சொல்வதுண்டு. அது உண்மையாகவே இருக்கட்டும். அரிப்பு குறையலாம், ஆனால் வழுக்கலுக்கு அது பதில் ஆகாது.

இனி என் கதை. 1996ஆம் ஆண்டு மாருதி 800, நான்கு கியர் வண்டி, என்னிடம் இருக்கிறது. பதினைந்து ஆண்டு முடிந்து எஃப்.சி. புதுப்பிக்க வேண்டியிருந்தபோது, நான் மகள் வீட்டுக்கு வெளியூர் போயிருந்ததால், தெரிந்த ஒரு பட்டறையில் வண்டியை விட்டு, எல்லா ஆயிலையும் மாற்றிவிடுங்கள் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனேன். எந்த ஆயில் என்று எழுதிக் கொடுக்கவில்லை. வாத்தியார் வண்டியாயிற்றே என்று அவர்களும் மரியாதையாக விலை கூடிய ஜிஎல்-5 ஆயிலையே ஊற்றியிருக்கிறார்கள். முதல் சில வாரங்கள் ஒன்றும் தெரியவில்லை. பிறகு காலை நேரத்தில் மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதுக்கு இறக்கும்போது மட்டும் லேசான கரகரப்பு. கிளட்ச் கேபிள்தான் தளர்ந்துவிட்டது என்று அதையே இரண்டு முறை சரிசெய்தேன். ஓராண்டுக்குப் பிறகு பெட்டியைப் பிரித்தபோது, இரண்டாவது கியரின் வளையம் கருகிய அடைப்போல் நிறம் மாறியிருந்தது. கூம்பின்மேல் வைத்து அழுத்திப் பார்த்தால், வளையத்துக்கும் கியருக்கும் இடையில், இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ் தகடு நுழைய வேண்டிய இடைவெளியே இல்லாமல் போய் உட்கார்ந்தது. வளையத்தின் வயதுக்கும் அதில் பங்கு இருந்திருக்கும். எல்லாப் பழியையும் ஆயிலின்மேல் போட நான் விரும்பவில்லை. ஆனால் புதிய வளையம் போட்டு, கையேடு சொல்லும் ஜிஎல்-4 ஆயில் ஊற்றிய பின் இன்றுவரை அந்தச் சத்தம் திரும்பவில்லை. பட்டறைக்காரர்களைக் குறை சொல்லவும் எனக்கு நாக்கு எழவில்லை. டப்பாவின் முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில், ஆயிலின் கெட்டித்தன்மையைக் குறிக்கும் 90 என்ற எண் இருந்தது; ஜிஎல் எண் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது.

மாருதி 800 பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1983 டிசம்பரில் வெளிவந்து 2014 வரை தயாரான இந்தக் காரில், முன்சக்கரங்களே உந்துகின்றன. என்ஜின் குறுக்குவாட்டில் அமர்ந்திருக்கிறது. கியர் பாக்ஸும், பின்சக்கரம் உந்தும் கார்களில் கிரவுன் பெட்டிக்குள் இருக்கும் டிஃபரன்ஷியலும் இதில் ஒரே கூட்டுக்குள், ஒரே ஆயிலில் குளிக்கின்றன. டிஃபரன்ஷியலும் உள்ளே இருக்கிறதே, அதற்கு ஜிஎல்-5 வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டாம். குறுக்குவாட்டு என்ஜினில் விசை திசை திரும்ப வேண்டிய அவசியமே இல்லாததால், அங்கே இருப்பது சாய்பல் கொண்ட சாதாரணச் சக்கரங்கள்தாம், ஹைப்பாய்டு இல்லை. ஏறத்தாழ இரண்டு லிட்டர் ஜிஎல்-4 ஆயில், இரண்டு வேலையையும் அலட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும்.

அம்பாசடரின் நிலைமை வேறு. மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் 1958 முதல் 2014 வரை உருவான அந்த வண்டி பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையின் வாரிசு. கியர் பாக்ஸ் முன்னே, கிரவுன் பின்னே என இரண்டும் தனித்தனிப் பெட்டிகள். இரண்டின் தேவையும் தனித்தனி. பின்னால் இருப்பதற்கு ஹைப்பாய்டு ஆயில் வேண்டும். முன்னால் இருப்பதற்கு அது ஆகாது. ஆனால் பல பட்டறைகளில் தொண்ணூறு ஆயில் என்று ஒரே பெயரைச் சொல்லி, ஒரே கேனிலிருந்து இரண்டுக்கும் ஊற்றும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அதில் கிரவுனுக்கு ஜிஎல்-4 போனால் கிரவுன் கெடும், கியர் பாக்ஸுக்கு ஜிஎல்-5 போனால் வளையம் கெடும். எந்தக் கேன் என்பதைப் பொறுத்து எது கெடும் என்பது மட்டுமே மாறும்.

எனவே ஜிஎல்-5 நஞ்சு, ஜிஎல்-4 அமிர்தம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஜப்பானின் சுபாரு கார்கள் பலவற்றில் கியர் பாக்ஸும் முன்அச்சின் ஹைப்பாய்டு பற்களும் ஒரே கூட்டில் இருப்பதால், அவற்றைச் செய்தவர்களே ஜிஎல்-5 கேட்கிறார்கள். அதற்கேற்ப வளையங்களையும் அமைத்திருக்கிறார்கள். 1959இல் அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மினி காரில் கியர் பெட்டி என்ஜினின் அடியிலேயே அமைந்து, என்ஜின் ஆயிலிலேயே ஓடியது. அமெரிக்காவில் ஃபோர்டு மஸ்டாங் போன்ற கார்களில் வந்த டி-5 என்னும் ஐந்து கியர் கையியக்கப் பெட்டி, தானியங்கிப் பெட்டிக்கான ஏடிஎஃப் திரவத்தைக் கேட்கிறது. 1980களிலும் 90களிலும் வந்த ஹோண்டா கார்கள் பலவற்றின் கையேடுகள் கியர் பாக்ஸுக்கு 10டபிள்யூ-30 அல்லது 10டபிள்யூ-40 என்ஜின் ஆயிலையே குறிப்பிட்டன. இப்படிப்பட்ட பெட்டியில் கெட்டியான 80டபிள்யூ-90 ஆயிலை ஊற்றினால் கியர் லீவர் சேற்றில் நட்ட கழிபோல நகர மறுக்கும். எல்லாப் பழைய கார்களுக்கும் ஒரே ஆயில் என்று எவர் சொன்னாலும், அவர் எந்தக் காரையும் மனத்தில் வைத்துச் சொல்லவில்லை என்றே கொள்ள வேண்டும்.

பாகுநிலை, அதாவது ஆயிலின் கெட்டித்தன்மையைச் சொல்லும் எண்ணைப் பற்றியும் ஒரு மயக்கம் இருக்கிறது. என்ஜினுக்கு 40 ஊற்றுகிறோம், கியர் பாக்ஸுக்கு 90 என்றால் இருமடங்கு கெட்டி என்று பலர் எண்ணுகிறார்கள். வாகனப் பொறியாளர்களின் எஸ்ஏஇ அமைப்பு என்ஜின் ஆயிலுக்கு ஓர் அளவுகோலையும் கியர் ஆயிலுக்கு வேறோர் அளவுகோலையும் வைத்திருக்கிறது. 100 டிகிரி சூட்டில் அளந்தால், கியர் ஆயில் 90, என்ஜின் ஆயில் 40க்கும் 50க்கும் உள்ள எல்லைக்குள்தான் வரும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருப்பதற்காகவே கியர் ஆயிலுக்குப் பெரிய எண்களைக் கொடுத்தார்கள், அதுவே குழப்பமாகிவிட்டது. டபிள்யூ எழுத்துக்கு முன்னால் உள்ள எண் குளிர்காலத்துக்கானது. 75டபிள்யூ என்பது உறைநிலைக்குக் கீழே 40 டிகிரியிலும், 80டபிள்யூ என்பது கீழே 26 டிகிரியிலும் குறிப்பிட்ட அளவுக்கு மேல் இறுகிவிடாமல் இருக்கும் ஆயில். உதகையில் உறைபனி விழும் காலையில்கூட நமக்கு அவ்வளவு தேவையில்லை. ஆகவே கரூரிலோ வேலூரிலோ அக்னி நட்சத்திரத்தில் ஓடும் பழைய காருக்கு, கையேடு அனுமதிக்கும்பட்சத்தில், மினரல் வகை 80டபிள்யூ-90 ஜிஎல்-4 போதும். சிந்தெடிக் 75டபிள்யூ-90 வாங்குவது அவரவர் விருப்பம். காலையில் முதல் சில கியர் மாற்றங்கள் சற்று இலகுவாகும் என்பதை மறுக்க மாட்டேன்.

இதற்கு எதிர்த்திசையில் போவோரும் உண்டு. பெட்டி இரைகிறது, நூற்று நாற்பது ஊற்றுங்கள், அடங்கிவிடும் என்பார்கள். அடங்கத்தான் செய்யும். தேய்ந்த பேரிங்கின் சத்தம் கெட்டி ஆயிலுக்குள் அமுங்கிப்போகும். பேரிங் மேலும் தேய்ந்துகொண்டிருக்கும். அந்தக் கெட்டியான ஆயிலைச் சிங்க்ரோ வளையம் கிழித்து வெளியேற்ற முடியாமல் திணறும். வண்டியை விற்கும்முன் பெட்டிக்குள் மரத்தூள் போட்டுச் சத்தத்தை மறைக்கும் பழைய தந்திரத்துக்கும் இதற்கும் அளவில்தான் வேறுபாடு.

கையேடு தொலைந்துபோன வண்டிக்கு என்ன செய்வது என்பதே வாசகர்களுக்கு உண்மையாகப் பயன்படும் கேள்வி. அதே மாதிரியின் கையேடு வேறொருவரிடம் இருக்கும். பழைய கார் சங்கங்களில் கேட்டால் பக்கத்தைப் படம் பிடித்துக் கொடுத்துவிடுவார்கள். ஸ்பேர்ஸ் கடையில் கேட்பதாக இருந்தால், தொண்ணூறு ஆயில் கொடுங்கள் என்று கேட்காமல், இன்ன வண்டி, கியர் பாக்ஸுக்கு, ஜிஎல்-4 என்று மூன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். டப்பாவைக் கையில் வாங்கியதும் பின்பக்கத்தைத் திருப்பிப் படிக்க வேண்டும். சில டப்பாக்களில் ஜிஎல்-4, ஜிஎல்-5 என்று இரண்டுமே அச்சாகியிருக்கும். இரண்டுக்கும் பொது என்பது கேட்க நன்றாக இருந்தாலும், அதில் சிங்க்ரோ உள்ள கியர் பாக்ஸுக்கு ஏற்றது என்ற வாசகமும் இருக்கிறதா என்று பார்க்காமல் நான் வாங்குவதில்லை. எம்டி-1 என்ற குறியைக் கண்டு மேனுவல் டிரான்ஸ்மிஷன் என்பதன் சுருக்கம் போலிருக்கிறதே என்று மகிழ்ந்துவிடவும் கூடாது. அது சிங்க்ரோ வளையமே இல்லாத பேருந்து, லாரிப் பெட்டிகளுக்கானது.

மாற்றும் முறையில் ஒன்றே ஒன்றை வற்புறுத்துவேன். வண்டியைச் சிறிது தூரம் ஓட்டி ஆயில் வெதுவெதுப்பாக இருக்கும்போது, சமதளத்தில் நிறுத்தி, ஊற்றும் துளையின் மூடியை முதலில் கழற்றிப் பார்த்த பிறகே வடிக்கும் போல்ட்டில் கை வைக்க வேண்டும். பழைய பெட்டியில் மேல் மூடி துருவேறி இறுகியிருந்து, கீழே எல்லாம் வடிந்த பின் அது கழற்ற வராமல் போனால், வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். என் மாணவர்களில் ஒவ்வோர் ஆண்டும் ஒருவராவது இதை அனுபவித்துக் கற்றார். வடிந்த ஆயிலை வெளிச்சத்தில் பார்க்கவும் வேண்டும். காந்தம் உள்ள போல்ட்டில் சாம்பல் நிறக் குழம்பு ஒட்டியிருந்தால் வழக்கமான தேய்மானம். ஆயிலில் பொன்துகள் போல மின்னினால் அது வளையத்தின் பித்தளை. சில்லுகள் வந்தால் பெட்டியைப் பிரிக்காமல் எந்த ஆயிலை ஊற்றியும் பயனில்லை. துளையின் விளிம்பு வரை நிரப்பினால் போதும். கூடுதலாகத் திணித்தால் சீல் வழியே கசிந்து கிளட்ச் தட்டை நனைத்துவிடும். வடித்த கழிவு ஆயிலைச் சாக்கடையில் கொட்டாமல், பழைய ஆயில் எடுப்பவரிடம் சேர்க்க வேண்டும் என்பதை மட்டும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

ஆயில் நிறுவனங்களுக்கும் தங்கள் வாயிலாக ஒரு வேண்டுகோள். 90 என்ற எண்ணை அச்சிடும் அதே அளவில், டப்பாவின் முன்பக்கத்திலேயே ஜிஎல் எண்ணையும், கியர் பாக்ஸுக்கா கிரவுனுக்கா என்பதையும் தமிழில் அச்சிட்டால், தமிழ்நாட்டுப் பட்டறைகளில் பாதித் தவறு குறையும். ஆங்கிலம் படிக்கத் தெரியாத, ஆனால் கைத்திறனில் யாருக்கும் சளைக்காத மெக்கானிக்குகள் நம்மிடம் ஏராளம்.

தங்கள் இணைப்பின் அடுத்த இதழில் உரிய திருத்தத்தை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். முன்பு வந்த குறிப்பைப் பார்த்து ஏற்கெனவே ஜிஎல்-5 ஊற்றிவிட்ட வாசகர்கள் பதற வேண்டாம் என்பதையும் அதில் சேர்க்க வேண்டும். சில வாரங்களில் வளையம் அழிந்துவிடாது. வெதுவெதுப்பான நிலையில் முழுவதும் வடித்துவிட்டுக் கையேடு சொல்லும் ஆயிலை நிரப்பினால் போதும். உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு மிச்சத்தைக் கழுவி எடுக்கிறேன் என்று மண்ணெண்ணெய் ஊற்றிச் சுழற்ற வேண்டியதில்லை.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற தொழிற்பயிற்சி நிலையப் பயிற்றுநர்,
திருச்சிராப்பள்ளி.